கிணற்றில் அடக்கிய மூச்சு

நீச்சல் தெரியுமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கொட்டாம்பட்டிப் பக்கம் பிறந்து, பள்ளிக்கூடம் விட்டால் கிணறு, கிணறு விட்டால் பள்ளிக்கூடம் என்று வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா அது? ஸ்கூபா டைவிங்குக்குப் பெயர் கொடுக்கப் போனபோதும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். "நீச்சல் தெரியும். முங்கு நீச்சல் நல்லாவே தெரியும்" என்றேன். பக்கத்தில் நின்ற என் மனைவி, "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். தெரியாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள். தெரிந்தவர்களால்தான் சில சமயம் தொல்லை என்பதை அப்போது அவர்கள் சொல்லவில்லை.

யோசனை அவளுடையது. திருப்பரங்குன்றத்துப் பெண். கோயில் படித்துறையில் கால் நனைத்ததற்கு மேல் தண்ணீருக்கும் அவளுக்கும் பழக்கம் கிடையாது. அலுவலகத்தில் யாரோ கடலுக்கு அடியில் எடுத்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அன்று சாயங்காலமே, "தீபாவளி லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு சொல்லாதீங்க. நாம கடலுக்குள்ள போறோம்" என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். நாங்கள் கல்யாணமாகி ஒத்தக்கடையில் வாடகைக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சுற்றுலா என்று ஒன்றுக்கு நாங்கள் இன்னும் போகவில்லை.

என் வீட்டில் சுற்றுலாவே கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். ஊரைத் தாண்டிப் போவதென்றால் நேர்த்திக்கடன், கல்யாணம், சாவு. போனில் விஷயத்தைச் சொன்னதும் அம்மா பதறினாள்.

"ராமேஸ்வரத்துக் கடலுக்கா? அங்க தெவசம் குடுக்கத்தானப்பா போவாக. நல்ல நாளும் பொழுதுமா அதுக்குள்ள என்னத்தத் தேடப் போறீக?"

"மீனு பாக்கப் போறோம்மா."

"மீனு அங்க ஒத்தக்கடை மார்க்கெட்ல இல்லயா?"

மாமியார் வீட்டில் வேறு மாதிரிப் பயம். ஒரே மகள். மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர், எதையும் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பவர். "மாப்பிள்ளைக்குத் தண்ணி பழக்கம். அவரு கையப் பிடிச்சுக்கிட்டே கூட இருக்கறதா இருந்தா சரி" என்றார். "நான் இருக்கேன் மாமா, கைய விடமாட்டேன்" என்றேன். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. அந்த வீட்டில் எல்லோரும் இரண்டு தலைமுறையாகப் படித்தவர்கள். பேச்சில் பாதி எனக்குப் புரியாத புத்தகங்கள் வரும். தண்ணீர் ஒன்றில்தான் நான் அவர்களுக்கு மேலே.

கடலுக்குப் போவதற்கு முன்பு மதுரையிலேயே ஒரு நீச்சல் குளத்தில் பழக்கம் கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் தூத்துக்குடிப் பக்கத்து அக்கா ஒருவர். கருத்து ஒல்லியாக, குரல் மட்டும் பஸ் கண்டக்டர் போல. கண்ணையும் மூக்கையும் சேர்த்து மூடுகிற கண்ணாடி, முதுகில் சிலிண்டர், அதிலிருந்து வருகிற குழாயின் முனையில் வாயில் கடித்துக்கொள்கிற ஒரு ரப்பர் துண்டு. அவ்வளவுதான் சாமான்.

"ஒரே ஒரு சட்டம்தான்" என்றார் அக்கா. "என்ன நடந்தாலும் மூச்ச அடக்கக் கூடாது. வாயால இழுங்க, வாயால விடுங்க. இழுத்துக்கிட்டே இருங்க, விட்டுக்கிட்டே இருங்க. மூச்சு அடக்குனபடி மேல வந்தா உள்ள இருக்குற காத்து விரிஞ்சு நுரையீரலக் கிழிச்சிரும். புரிஞ்சுதா?"

புரிந்தது என்று தலையாட்டினோம். மனைவி தண்ணீருக்குள் தலையை விடவே கொஞ்ச நேரம் பிடித்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, முருகனைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இறங்கினாள். இறங்கியவள் அங்கேயே இருந்துவிட்டாள். சின்னச் சின்னக் குமிழிகள் சீராக மேலே வந்துகொண்டிருந்தன. வெளியே வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவுதானா?"

அடுத்து நான். தண்ணீருக்குள் போனேன். வாய் ரப்பரைக் கடித்தது. நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்தது. அதோடு சரி, பூட்டிக்கொண்டது. விடவேண்டும் என்று எனக்குத் தெரியும். புத்தி சொல்கிறது, உடம்பு கேட்கவில்லை. காற்றடைத்த பை மாதிரி நான் மெல்ல மேலே மிதந்துபோக, அக்கா என் இடுப்புப் பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். மறுபடி மிதந்தேன். மறுபடி இழுத்தார். கடைசியில் என்னை வெளியே நிறுத்திவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"தம்பி, சிலிண்டர் நெறைய காத்து இருக்கு. எதுக்கு மிச்சம் பிடிக்கிறீங்க?"

"பழக்கம்க்கா. கிணத்துல ரொம்ப நேரம் முங்குவேன்."

"அதான் பாத்தேன். நீச்சல் தெரியாதவங்களுக்கு நான் ஒண்ணைத்தான் சொல்லிக் குடுக்கணும். உங்களுக்கு ஒண்ண மறக்கடிக்கணும்." கண்ணாடியையும், தண்ணீர்மேல் மிதந்தபடி மூச்சு விட உதவும் வளைந்த குழாய் ஒன்றையும் என் கையில் கொடுத்தார். "வீட்டுக்குப் போயி பழகுங்க. முகத்தத் தண்ணிக்குள்ள வெச்சு, குழாயால இழுத்து, வாயோரமா குமிழி விடுங்க. கடல்ல நெஞ்சளவு தண்ணியில மறுபடி பாப்பேன். அப்பவும் அடக்குனீங்கன்னா படகுலயே உக்கார வெச்சிருவேன். வருத்தப்படக் கூடாது."

மேலூர் ரோட்டில் வண்டியில் திரும்பினோம். மனைவி பின்னால் உட்கார்ந்திருந்தாள். யானைமலை பக்கத்தில் வந்ததும் என் தோளைத் தட்டினாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லிடறேன். உங்கள எறக்கலைன்னா நான் மட்டும் போயிட்டு வந்துருவேன்."

"உங்கப்பாகிட்ட நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

"அதனாலதான் சொல்றேன். நீங்க வராம நான் எறங்குனா உங்க வாக்கு போகும். நான் எறங்கலைன்னா என் ஆசை போகும். ஒழுங்கா மூச்சு விடப் பழகுங்க."

சொல்லிவிட்டு முதுகில் ஒரு குத்து. சிரித்தேன். ஆனால் உள்ளே எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அடியில், நான் படகில். அந்தப் படம் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

அந்த வாரம் முழுக்க குளியலறையில் பக்கெட் தண்ணீரில் முகத்தை வைத்துப் பார்த்தேன். பக்கெட்டில் நன்றாகவே வந்தது. குமிழி கொப்பளித்தது. பக்கெட்டை நம்பிக் கடலுக்குப் போக முடியாது என்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் புறப்பட்டுவிட்டேன்.

ஊரில் எனக்கு ஒரு கூட்டாளி. பத்தாவதோடு படிப்பை விட்டவன், இப்போது டிராக்டர் ஓட்டுகிறான். என் கையில் இருந்ததை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன மாப்ள இது, யானை தும்பிக்க மாதிரி?"

"மூச்சு விடுறதுக்கு."

"இம்புட்டு நாளும் எதுலடா விட்ட?"

இருவரும் நாங்கள் நீச்சல் பழகிய அதே கிணற்றுக்குப் போனோம். ஊரிலேயே பெரிய கிணறு. வட்டமாக, சுற்றிலும் கல்லடுக்கி, உள்ளே இறங்க நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள். அந்த வருடம் மழை நல்ல மழை, தண்ணீர் பாதிக்கு மேல் கிடந்தது. "பெரியவரு சந்தைக்குப் போயிட்டாரு, சாயந்தரம்தான் வருவாரு. தைரியமா எறங்கு" என்றான் கூட்டாளி. பெரியவர் என்றால் கிணற்றுக்காரர். அவர் தோட்டத்தில்தான் என் அம்மா களையெடுத்தாள், அப்பா வரப்பு வெட்டினார்.

கண்ணாடியை மாட்டி, குழாயைக் கடித்து, படிக்கல்லைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் விட்டேன். மேலிருந்து கூட்டாளி கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். "வருது மாப்ள, வருது... நின்னு போச்சு. திரும்ப வருது. ஒரு குட்டிக் குமிழி. ஏன்டா அதையும் முழுங்கிட்ட?" இழுக்கிறேன், விடுகிறேன். நாலு தடவை சரியாக வந்தால் ஐந்தாவது சிக்கிக்கொள்ளும்.

அப்போதுதான் புல்லட் சத்தம் கேட்டது. டுபுடுபுவென்று தோட்டத்துப் பாதையில் வருகிறது. "டேய், வண்டி!" என்று கத்திவிட்டுக் கூட்டாளி புங்க மரத்துக்குப் பின்னால் ஓடினான்.

நான் என்ன செய்தேன் என்று யோசித்துச் செய்யவில்லை. குழாயைத் துப்பினேன், நெஞ்சு நிறைய இழுத்தேன், சத்தமில்லாமல் கீழே போய்விட்டேன். கை தானாகப் போய்த் தண்ணீருக்கடியில் மோட்டார் பைப்பைப் பிடித்துக்கொண்டது. கால் கல்லிடுக்கில் போய் நின்றது. எல்லாம் அதனதன் இடத்தில் அப்படியே இருந்தன.

சின்ன வயதில் இப்படித்தான். அந்தக் கிணற்றில் எங்கள் தெருப் பிள்ளைகள் இறங்கக் கூடாது. இறங்குவோம். புல்லட் சத்தம் கேட்டால் எல்லோரும் உள்ளே. பெரியவர் வந்து எட்டிப் பார்ப்பார். தண்ணீர் சும்மா கிடந்தால் போய்விடுவார். ஒரு குமிழி மேலே வந்தாலும் போச்சு. கல் வந்து விழும், அதற்குப் பின்னாலே அப்பாவின் பெயரைச் சொல்லி வசவு வந்து விழும். அப்பா சாயங்காலம் அவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அதனால் எங்களுக்குள் கெட்டிக்காரன் என்றால் வேகமாக நீந்துகிறவன் இல்லை. குமிழி விடாதவன். அந்தப் போட்டியில் நான்தான் எப்போதும் முதல்.

பைப்பைப் பிடித்துக்கொண்டு அந்தப் பச்சைத் தண்ணீருக்குள் நிற்கும்போது என் கையில் கட்டியிருந்த வாட்ச் சின்னதாக ஒளிர்ந்தது. அலுவலகத்தில் கொடுத்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே சிரிப்பு வந்தது. படித்து, வேலைக்குப் போய், கல்யாணமாகி, வீடு பிடித்து, எல்லாம் ஆன பிறகு எதற்கு இங்கே ஒளிந்துகொண்டிருக்கிறேன்?

மேலே பார்த்தேன். கிணற்று வாயில் வட்டமாக வெளிச்சம். அதில் ஒரு தலை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

விட்டேன். நெஞ்சில் இருந்ததையெல்லாம் ஒரே மூச்சாக, வாய் நிறைய. பூசணிக்காய் பூசணிக்காயாகக் குமிழிகள் அந்தத் தலைக்கு நேராக ஏறிப் போயின. அவற்றின் பின்னாலேயே நானும் போனேன்.

"யாருப்பா அது கெணத்துக்குள்ள?"

"நாந்தாண்ணே." அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் மகன் என்றேன். என் அப்பா அவரை இன்று வரைக்கும் ஐயா என்றுதான் கூப்பிடுகிறார். எனக்கு வாயில் வந்தது அண்ணே. அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

"கம்பெனியில இருக்கான்னாகளே, அந்தப் பையனா? உள்ள என்ன செய்யுற?"

"மூச்சு விடப் பழகுறேண்ணே."

"அத வெளிய இருந்தே விடலாமேப்பா."

புங்க மரத்துக்குப் பின்னால் கூட்டாளி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். "நீ ஒருத்தன் அங்கயா? வெளிய வாடா" என்றார் பெரியவர். கடல் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "காசு குடுத்தா கடலுக்குள்ள போயி எறங்குறீக? வேல செஞ்சோமா, வீட்ல படுத்தோமான்னு இருக்க முடியலயா?" என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் மாற்றி, "ஒரு வார்த்த கேட்டுட்டு எறங்க மாட்டியா?" என்றார்.

"கேட்டா விடுவீகளாண்ணே?"

தாடையைத் தேய்த்தார். "கேட்டாத்தான தெரியும்."

"சரி, இப்பக் கேக்குறேன். இன்னும் கொஞ்ச நேரம் உள்ள இருந்துக்கிறவா?"

"இரு, இரு. மோட்டாரு போடத்தான் வந்தேன். அப்பறம் போட்டுக்கிறேன்."

போகவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்று மேட்டிலேயே நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்க நான் குமிழி விட்டேன். ஐந்தாவது மூச்சு சிக்கவில்லை. பத்தாவதும் சிக்கவில்லை. "இதுக்கா இம்புட்டு பாடு?" என்று கேட்டுவிட்டு அவர் கிளம்பும் வரைக்கும் விட்டுக்கொண்டே இருந்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலையில் ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். கடல் வீடியோவில் பார்த்த நீலம் இல்லை, லேசான பச்சை. மழை பெய்து கலங்கியிருக்கிறது, ஆனாலும் பார்க்கலாம் என்றார் அக்கா. நெஞ்சளவு தண்ணீரில் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். மனைவி கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், பரீட்சைக்கு வந்த மேற்பார்வையாளர் மாதிரி.

உள்ளே போனேன். இழுத்தேன். பழைய பூட்டு ஒரு கணம் விழப் பார்த்தது. கண்ணாடிக்கு எதிரே அக்காவின் முகம், குனிந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும் என்று விட்டேன். கொடகொடவென்று போயிற்று. அடுத்தது. அடுத்தது. அக்கா கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வட்டம் காட்டினார். தண்ணீருக்குள் அதற்குச் சரி என்று அர்த்தம். கரையில் நின்றவள் யாரைப் பற்றியும் கவலைப்படாமல் விசில் அடித்தாள்.

படகில் கொஞ்ச தூரம் போய் ஒருவர் பின் ஒருவராக இறங்கினோம். எனக்குப் பின்னால் அக்கா, மனைவிக்குப் பின்னால் இன்னொரு பயிற்சியாளர். நடுவில் நாங்கள் இருவரும் கைகோத்துக்கொண்டு. கீழே போகப் போக காது அடைத்தது. சொல்லிக்கொடுத்தபடி மூக்கைப் பிடித்து ஊதினோம், திறந்தது. மூன்று ஆள் ஆழம் இருக்கும். பாறைமேல் முருங்கைக்கீரையை உருவிப் போட்ட மாதிரி பச்சையாக ஏதோ ஒன்று அசைந்துகொண்டிருந்தது. மஞ்சளில் கறுப்புக் கோடு போட்ட மீன்கள் கூட்டமாக வந்து எங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் திரும்பிப் போயின. மனைவி என் கையை அழுத்தி ஒவ்வொன்றாகக் காட்டினாள். கண்ணாடிக்குள் அவள் கண் இரண்டும் அகலமாகத் தெரிந்தன. என் மூச்சு எனக்கே கேட்டது. இழுக்கும்போது விசில் மாதிரி, விடும்போது சோறு கொதிக்கிற மாதிரி.

திடீரென்று ஒரு சத்தம். எந்தத் திசை என்று தெரியவில்லை, எல்லாத் திசையிலிருந்தும் வந்தது. டுபுடுபுவென்று.

தூரத்தில் போகிற மீன்பிடிப் படகின் எஞ்சின். அது பிறகு தெரிந்தது. அந்த நொடியில் என் உடம்புக்குத் தெரிந்தது ஒரே ஒரு சத்தம்தான். மூச்சு நின்றது. நெஞ்சு நிறைந்து பூட்டியது. கால் பாறையை விட்டு எழும்பியது. நான் மேலே, அவள் கீழே. கோத்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருந்தன. அக்கா என் இடுப்புப் பட்டையைப் பிடிப்பது தெரிந்தது. மனைவி கடைசி இரண்டு விரலை விடாமல் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து என்னைப் பார்த்தாள். அவள் வாயருகிலிருந்து குமிழிகள் சீராக வந்துகொண்டே இருந்தன. அவளுக்கு அந்தச் சத்தம் ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவள் குமிழிகள் என் முகத்தைத் தடவிக்கொண்டு மேலே போயின. நானும் விட்டேன். கிணற்றில் விட்டதைவிடப் பெரிதாக, அடி வயிற்றிலிருந்து. காற்று போகப் போக உடம்பு கனத்தது. மெதுவாகக் கீழே இறங்கி அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தேன். நழுவிய விரல்கள் திரும்பக் கோத்துக்கொண்டன. எஞ்சின் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. ஓடட்டும் என்று நான் பாட்டுக்கு இழுத்தேன், விட்டேன். மீன்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

மேலே வந்து படகில் ஏறியபோது இருவருக்கும் பல் தந்தி அடித்தது. மனைவி தலையைத் துவட்டிய கையோடு அப்பாவுக்குப் போன் போட்டாள். "கைய விடவே இல்லப்பா" என்று அவள் சொல்வது கேட்டது. என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

படகோட்டி அண்ணன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். நாங்கள் அடியில் இருந்த நேரமெல்லாம் அவர் வேலை மேலிருந்து தண்ணீரைப் பார்ப்பதுதான். குமிழி எங்கே வருகிறதோ அங்கே ஆள் நன்றாக இருக்கிறார் என்று கணக்கு.

"எல்லாருது குமிழியும் ஒரு சீரா வந்துச்சு. ஒரு எடத்துல மட்டும் கொஞ்ச நேரம் ஒண்ணுமே இல்ல. எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அப்பறம் பானை பானையா ஒண்ணு கெளம்பி வந்துச்சு பாருங்க, படகே ஆடிப்போச்சு" என்று சிரித்தார். "யாருதுங்க அது?"

மனைவி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"என்னுதுண்ணே."